புலியடிச் சரிவில் சிவப்பு ரிப்பன்

மங்கையர்க்கரசிக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவளின் முக்காடு நழுவிய கொண்டையில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. கட்டியிருந்துவிட்டுப் போகட்டும், அவள் தலை, அவள் ரிப்பன். ஐம்பது வயதுக்காரி ரிப்பன் கட்டக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கொடைக்கானல் வந்துவிட்டு மேல்மலைக்குத் திரும்புகிற கூட்டம், பஸ் முழுக்கக் கருவாடும் வெங்காயமும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியாத வெள்ளை மூட்டம். கண்ணை மூடினாள், வயிறு கூடுதலாகப் புரட்டியது. திறந்தாள், ரிப்பன் அங்கேயேதான் இருந்தது. பழனியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியை, வருஷக்கணக்காக இந்த மலையில் ஏறி இறங்குகிறவள், வளைவு என்றால் இன்னும் பச்சைப்பிள்ளை மாதிரி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இன்றைக்குப் பார்த்து அந்தப் பழத்தையும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மறந்து வைத்துவிட்டாள். போகட்டும். ஒரு கிளை, விரல் நீளத்துக்கு, பூவோடு, அவ்வளவுதான் வேலை. ஒடித்து, பேப்பருக்குள் வைத்து, அழிந்துவரும் செடிகளுக்குப் பட்டியல் போடுகிற குழுவின் ஜெபநேசன் சாருக்கு நாளைக்கே அனுப்பிவிட வேண்டும். அதோடு எல்லாம் சரியாகிவிடும். சரியாகிவிடுமா. சரியாகாமல் என்ன. சார் போன வாரம் போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அவர் சிரிப்புக்குப் பின்னால் எப்போதும் ஒரு கதவு சாத்திக்கொண்டிருக்கும்: "மங்கை, நானும் எத்தன நாள்தான் குழுவ இழுத்துப் பிடிக்கிறது. போட்டோவ வச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா, இலைய மட்டும் பார்த்தா அதோட பங்காளிச் செடி மாதிரியே இருக்கு. கண்ணால பார்த்தேன்னு நீங்க எழுதினா, குதிரைக்குக் கொம்பு முளைச்சத நானும் பார்த்தேன்னு நாளைக்கு இன்னொருத்தன் எழுதுவான். பூவோட ஒரு கிளை குடுங்க. கிடைச்சிருச்சுன்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன்ல சொன்னாப் போதும், இல்லேன்னா பட்டியல மூடிருவோம்." மூடினால் என்ன எழுதுவார்கள் என்று அவர் சொல்லவில்லை, இவள் கேட்கவும் இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும். அற்றுப்போனது.

அற்றுப்போனது. என்ன சொல் பாருங்கள், வாயில் வைத்தாலே ஏதோ ஒன்று அறுந்து விழுகிறது. முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத செடி, புல்வெளிக்கும் சோலைக்கும் நடுவில் பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். தோல் மாதிரித் தடித்த இலை, கசக்கினால் தைல வாசம், வருஷத்தில் ஒரு தடவை தலைகீழாகக் கவிழ்த்துவைத்த சின்னச் சின்ன வெள்ளைக் கலயங்கள் மாதிரிப் பூ. வெள்ளைக்காரன் காலத்தில் ஒருத்தன் பார்த்து, ஒரு கிளையைக் காயவைத்துக் கப்பலேற்றிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. யாரும் தேடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பட்டியலில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. இருக்கிற கட்டங்கள் வேறு: அருகி வருவது, மிக அருகி வருவது, காட்டில் அற்றுப்போனது, அடியோடு அற்றுப்போனது. ஒன்றுமே சொல்ல முடியாவிட்டால், தரவு போதாது. இந்தக் கடைசிக் கட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு அண்ணன் தண்டபாணியின் முகம் வந்துவிடும். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணியிடம் "ஒட்டன்சத்திரம் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன். ஒட்டன்சத்திரம் என்ன சீமையா. ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் சட்டம் ஆளைச் செத்தவனாக எடுத்துக்கொள்ளும் என்று வக்கீல் சொன்னார், ஏழும் போய் மேலேயும் போயாயிற்று. பெரியப்பா வீட்டு ஆட்கள் வந்து, ஆக வேண்டியதைப் பார்த்துவிடலாமே, எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டால் அவன் ஆத்மாவுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு என்று ஜாடையாகச் சொன்னார்கள். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நெற்றியில் அன்றைக்கு வைத்திருந்த குங்குமம் என்றைக்கும் வைப்பதைவிடப் பெரியது. யாராவது, "வீட்டுக்காரர் எங்கம்மா" என்று கேட்டால் அண்ணிக்கு எப்போதும் ஒரே பதில். "வெளியூர் போயிருக்காரு." தரவு போதாது என்பதைத் தமிழில் அதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ரிப்பனின் வால் நுனி முக்காட்டுக்கு வெளியே வந்து ஒரு தடவை ஆடிவிட்டு உள்ளே போனது. பளபளவென்று புது ரிப்பன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரெட்டைச்சடையை மடித்துக் கட்டுகிற சாட்டின் ரிப்பன். அதே மாதிரிதான் இவளும் வாங்கினாள், செடியைக் கண்டுபிடித்த பிறகு அதற்கு அடையாளம் கட்ட, அடிவாரத்து ஃபேன்சி ஸ்டோரில். வெள்ளை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டாள். தீர்ந்துவிட்டது, நீலமும் சிவப்பும்தான் இருக்கிறது என்றான் கடைக்காரன். மூட்டத்தில் நீலம் எடுக்காது. சிவப்பு என்றால் தூரத்திலிருந்தே தெரியும், ஆடுமாடு மேய்க்கிறவர்கள்கூட, அட, ஏதோ கட்டியிருக்கு என்று சுற்றிக்கொண்டு போவார்கள். தாயத்துக் கட்டுகிற மாதிரி ஒரு நினைப்பு. ஐந்து செடிகள், மொத்தமே ஐந்துதான், புலியடிச் சரிவில் ஒரு பாறைக்கு அந்தண்டை மூன்றும் இந்தண்டை இரண்டுமாக நின்றன. முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ரிப்பனைச் சுற்றி, நுனியில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டாள். அன்றைக்கே ஒரு கிளையை ஒடித்திருக்கலாம். கைகூட வைத்தாள். மொட்டு விட்டிருந்தது. நாலாவது செடிக்குக் கிளையே மூன்றுதான், அதில் ஒன்றை எப்படி ஒடிப்பது. பூக்கட்டும், பூத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது அண்ணியின் நெற்றிதான் நினைவுக்கு வந்தது, பச்சைக்கு நடுவில் ஐந்து சிவப்புப் பொட்டு. இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று சொல்கிற சிவப்பு. கிறுக்குத்தனம்தான். இத்தனை படித்தும் புத்தி சுற்றிச் சுற்றி அங்கேதான் போய் நிற்கிறது.

கறுப்பு. அந்த வால் நுனியில் கறுப்பாக ஏதோ இருந்ததா. எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். அடுப்புக்கரியாக இருக்கும். மலையில் கரி ஒட்டாத துணி ஏது. ஊரில் ஒரு ரிப்பன்தான் விற்கிறதா என்ன, சந்தையில் ஓடிப்போய்ப் பார்த்தால் கடைக்குக் கடை தொங்கும். ஆனால் ஐம்பது வயதுக்காரி. அவளுக்கு எதற்கு ரிப்பன். பேத்திக்கு வாங்கியதாக இருக்கும், கொண்டை அவிழ்ந்திருக்கும், கையில் கிடைத்ததை எடுத்துச் சுற்றியிருப்பாள். ஆமாம், அப்படித்தான். இன்னொரு பள்ளம் வராதா என்று மனசு பார்த்தது, வந்துவிடக்கூடாதே என்றும் பார்த்தது. வனத்துறைக்காரர்களிடம் சொல்லித்தானே வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் வாட்டில் மரம் பிடுங்குகிற வேலை நடக்கப்போகிறது, வெளிநாட்டு மரம், புல்வெளியைத் தின்றுகொண்டு வருகிறது, எடுக்கிறார்கள், நல்ல விஷயம்தான். அதனால்தான் முன்கூட்டியே வனக்காவலருக்குப் போன் போட்டாள். லைன் கரகரவென்றது. "தம்பி, புலியடிச் சரிவுல சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கேன். அத மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கங்க." "கவனிச்சுக்கிறோம் மேடம்." மரியாதையான பையன். கவனித்துக்கொள்கிறோம் என்றானே. கவனிச்சுக்கங்க. கவனிச்சுக்கிறோம். இதற்குமேல் என்ன வேண்டும். கல்யாண வீட்டில் சம்பந்தியைக் கவனிப்பதும் கவனிப்புதான், போலீஸ் ஸ்டேஷனில் ராத்திரி ஆளைக் கவனிப்பதும் கவனிப்புதான் என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்தது, போ என்றால் போகவில்லை. மரம் வெட்டுகிறவர்கள் வெட்ட வேண்டிய மரத்துக்கு என்ன செய்வார்கள். பெயின்ட் அடிப்பார்கள். என்ன கலர். என்ன கலர் மங்கை. தைல மரக்காட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாய், வரிசையாக நெஞ்சு உயரத்தில் சிவப்பு, மறுவாரம் போனால் வெறும் அடிக்கட்டை. தொட்டுக் கேட்டுவிடலாம். தோளைத் தட்டி, ஏங்க, இந்த ரிப்பன் எங்க வாங்கினீங்க என்று கேட்க எத்தனை நேரம் ஆகும். கை எழவில்லை. கரூர் ஆஸ்பத்திரியில் அனாதையாக ஒரு உடம்பு கிடக்கிறது, வந்து அடையாளம் பாருங்கள் என்று போலீஸ்காரர்கள் கூப்பிட்டபோது அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனவள் இவள்தான். கரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அண்ணி ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே இல்லை. "நீ போய்ப் பாக்காத மங்கை. யாரும் பாக்க வேண்டாம்." அன்றைக்கு அண்ணிமேல் எத்தனை எரிச்சல் வந்தது, படிக்காதவள், பயந்தாங்கொள்ளி, உண்மையைப் பார்க்கத் துப்பில்லாதவள் என்று. வெளியே சொல்லவில்லை, ஆனால் நினைத்தாள். இப்போது இவள் கையைப் பாருங்கள், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் இருக்கிற ரிப்பனைத் தொட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

அந்த நேரம் பார்த்து டிரைவர் வளைவில் ஒடித்துத் திருப்ப, வயிற்றில் இருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. மங்கையர்க்கரசி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். அந்தச் சத்தத்துக்கு முன் சீட்டுக்காரி திரும்பினாள். அகலமான முகம், வெற்றிலைச் சிவப்பு உதடு, யாரைப் பார்த்தாலும் சொந்தம் கொண்டாடுகிற கண்.

"என்னம்மா, குமட்டுதா? எனக்கும் இந்த பஸ்ஸு ஆகாது. இந்தாங்க, இத மோந்துகிட்டே வாங்க, ஊர் போறவரைக்கும் ஒண்ணும் பண்ணாது." மடியிலிருந்து ஈரத்துணியைப் பிரித்து எடுத்து நீட்டினாள்.

வாசம் முதலில் வந்தது. தைல வாசம். அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிந்தது, விரல் நீளம், தடித்த இலை, தலைகீழாகக் கவிழ்ந்த வெள்ளைக் கலயங்கள், ஒன்றுகூட உதிரவில்லை. இத்தனை நாளும் போட்டோவில் இல்லாத பூ. குமட்டல் நின்றுவிட்டது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, நல்ல மருந்துதான். வயிறு நின்றது, கூடவே வேறு எல்லாமும் நின்ற மாதிரி இருந்தது, பஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எங்க கிடைச்சுதுங்க?"

"புலியடிச் சரிவுல. வாட்டில் புடுங்குற வேலைக்குப் போனமுல்ல, அங்க." அவள் வசதியாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், பேச ஆள் கிடைத்த சந்தோஷம். "ரிப்பன் கட்டுனது அஞ்சு இருக்கு, அத நல்லா கவனிக்கச் சொல்லி ஆபீசுலருந்து வந்துருக்கு, ஒண்ணு விடாம எடுத்துருங்கன்னுட்டாரு மேஸ்திரி. வாட்டில் எல்லாம் ஒரு இழு இழுத்தா வந்துருது. இது சின்னதா இருந்துகிட்டு என்னா அழும்பு பண்ணுச்சுங்கிறீங்க. பாறைக்குள்ள வேர விட்டுருக்கு. கடப்பாறை போட்டுல்ல நெம்புனோம்."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? வேலைன்னா சுத்தமா இருக்கணுமுல்ல. குழந்தையம்மா கை வச்ச எடத்துல ஒரு வேரு மிஞ்சுச்சுன்னு எவளும் சொல்லிறக் கூடாது."

"செடியெல்லாம் இப்ப எங்க கிடக்கு? அங்கதான் கிடக்கா?"

"குமிச்சு வச்சுக் கொளுத்தியாச்சும்மா, மறுபடி துளுத்துறக் கூடாதுன்னு. பச்சையிலயே என்னா எரிப்பு எரிஞ்சுது, எண்ணெய் ஊத்துன மாதிரி." குழந்தையம்மாள் கொண்டையைத் தடவிக்கொண்டாள். "ரிப்பன எரிக்க மனசு வரல, புதுசு. வாசமா இருந்துச்சுன்னு இது ஒரு கிளைய மட்டும் ஒடிச்சாந்து பானைத் தண்ணியில போட்டு வச்சேன். அதான் வாடாம இருக்கு. என்ன தழையோ, பேரெல்லாம் தெரியாது. நீங்களே வச்சுக்கங்க."

திரும்பி உட்கார்ந்துவிட்டாள். இப்போது ரிப்பனின் வால் முக்காட்டுக்கு வெளியே நன்றாகவே தொங்கியது, கறுப்பு மையில், மங்கையர்க்கரசியின் சொந்தக் கையெழுத்தில், நாலு. கிளையே மூன்றுதான் இருக்கிறது, எப்படி ஒடிப்பது என்று விட்டுவந்த நாலு. திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது. இவளையா, சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்து, முன்பின் தெரியாதவளுக்குத் தன் மருந்தைத் தூக்கிக்கொடுத்தவளையா. மேஸ்திரியையா. கவனிச்சுக்கிறோம் என்று சொல்லிச் சொன்னபடி கவனித்த பையனையா. கட்டினது யார், சிவப்பு வாங்கினது யார். கட்டாமல் விட்டிருந்தால் புல்லோடு புல்லாக நின்றிருக்கும், கடப்பாறை எடுத்தவர்கள் கண்ணில்கூடப் பட்டிருக்காது. காப்பாற்றுகிறேன் என்று காட்டிக்கொடுத்தாயே பாவி. அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. பக்கத்து சீட்டுக் கிழவர் மடியில் தினசரிப் பேப்பர் ஒன்று மடித்து வைத்திருந்தார், இவள் கண் அதன்மேல் போய் நின்றது. கேட்டால் கொடுப்பார். இன்றைய தேதி போட்ட பேப்பர். அதற்குள் கிளையை வைத்து அமுக்கினால், இலை தெரிய, பூ தெரிய, ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். ஜெபநேசன் சார் கேட்ட ஆதாரம், கேட்ட அளவு, கேட்டபடி பூவோடு. மிக அருகி வருவது என்று எழுதிவிடுவார்கள், சரிவுக்கு வேலி போடுவார்கள், எதைச் சுற்றி வேலி என்று யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. பொய்தான், ஆனால் புல்வெளியாவது பிழைக்கும். இன்னொரு பக்கம் பையில் தண்ணீர்ப் பாட்டில். கிளை இன்னும் பச்சை. அடியைச் சீவி, ஈரத்தில் வைத்து, பாசியில் ஊன்றி, மூடிவைத்துக் காத்திருந்தால் வேர் பிடிக்கலாம். லாம். பங்காளிச் செடியை வைத்து எத்தனையோ தடவை செய்து பார்த்திருக்கிறாள் கல்லூரிக் கொட்டகையில், ஒன்றுகூடப் பிடித்ததில்லை, எல்லாம் பச்சையாகவே இருந்து இருந்து ஒருநாள் கறுத்துப்போயின. ஒரே ஒரு கிளை. காயவைத்தால் சாட்சி. நனைத்துவைத்தால் ஒரு நப்பாசை. வெட்டி இரண்டாக்கலாம் என்றால் அத்தனை நீளமும் இல்லை. அண்ணி இங்கே இருந்தால் என்ன செய்வாள் என்பது கேட்காமலே தெரிந்தது. அதனால்தான் இத்தனை கோபம் வந்தது.

டவர் வளைவு வந்துவிட்டது. மேல்மலையில் போன் எடுக்கிற இடம் அது ஒன்றுதான், அங்கே கண்டக்டர் விசில் கொடுத்து இரண்டு நிமிஷம் பஸ்ஸை நிறுத்துவது வழக்கம். நின்றதும் பஸ்ஸே ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா, மருந்து வாங்கியாச்சு, சோத்த வடி, வந்துட்டேன். மங்கையர்க்கரசியின் போன் அடித்தது. ஜெபநேசன் சார். அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிழவர் பேப்பரை விரித்து, அவளைப் பார்த்து, "வேணுமாம்மா?" என்று கேட்டார். அவள் கை, அவளைக் கேட்காமலே, பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. கிளையை உள்ளே இறக்கியபோது பூக்கள் கழுத்தில் சிக்கின. ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டாள். ஒன்று உதிர்ந்து மடியில் விழுந்தது.

"மங்கை, எல்லாரும் லைன்ல இருக்காங்கம்மா. கிளை கிடைச்சுதா?"

"உயிரோட இருக்கு சார்."

"நல்லதாப்போச்சு. சரிவுலயே நிக்கிறீங்களா? செடி காட்டுலதானே இருக்கு? அத ஒரு வார்த்தை உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா எழுதிருவோம்."

சொல்லிவிடலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை. இல்லை என்றும் ஒரு வார்த்தைதான். காட்டில் அற்றுப்போனது, ஆள் கையில் மட்டும் மிஞ்சியது என்கிற கட்டத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். முன் சீட்டில் குழந்தையம்மாள் யாருக்கோ உரக்கப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், உலை வை, அடுத்த வளைவுதான் என்று. வாயைத் திறந்தபோது மங்கையர்க்கரசிக்கு வந்தது தன்னுடைய வார்த்தை இல்லை, அண்ணியுடையது.

"வெளியூர் போயிருக்கு சார்."

"என்னது? விட்டு விட்டுக் கேக்குது. எங்க இருக்குன்னீங்க?"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்து வளைவைத் தாண்டியதும் போன் செத்துவிட்டது. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், மூட முடியாது, பூ வெளியே நின்றது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் தண்ணீர் தளும்பிச் சேலையை நனைத்தது. இறங்க வேண்டிய ஊர் இன்னும் தூரத்தில் இருந்தது.